சுகரை அளக்கிறோம், நடையை அளப்பதில்லை

சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் நாளில் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் போய்ப் பாருங்கள். வரிசையில் நிற்பவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். ஒவ்வொருவராக வந்து கையை நீட்டுகிறார்கள். பிரஷர் பார்க்கிறார்கள்; விரல் நுனியில் குத்தி சுகர் பார்க்கிறார்கள்; எடைக் கருவியில் ஏற்றி இறக்குகிறார்கள். எண்கள் நோட்டில் ஏறுகின்றன, மாத்திரை கைக்கு வருகிறது. வாசல் படியில் சுவரைப் பிடித்து ஏறி வந்த மூதாட்டி, பெஞ்சிலிருந்து எழ இரண்டு முறை முயன்று முடியாமல், மூன்றாவது முறை பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பற்றி எழுந்ததை மட்டும் யாரும் எழுதிக்கொள்வதில்லை. நோட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

அந்த அம்மாவின் சுகர் எவ்வளவு என்பது முக்கியம்தான். ஆனால், ஐந்து வருடம் கழித்து அவர் தானே குளித்து, தானே கழிப்பறைக்குப் போய்வந்து, தெருமுனைக் கடைவரை நடந்து வாழ்வாரா, கட்டிலோடு ஒடுங்கிவிடுவாரா என்பதற்கான தடயம் அவர் எழுந்த விதத்தில் இருக்கிறது. மருத்துவ உலகம் இதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டது. அளப்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு நாற்காலி, நான்கு மீட்டர் சமதளத் தரை, கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். இவ்வளவு மலிவான சோதனை நம் மருத்துவமனைகளுக்குள் இன்னும் வழக்கமாகாததற்குப் பணம் காரணமாக இருக்க முடியாது. ‘வயசானால் தளரத்தான் செய்யும், அதை அளந்து என்ன ஆகப்போகிறது’ என்ற நினைப்புதான் காரணம். மருத்துவருக்கும் அந்த நினைப்பு இருக்கிறது, மகனுக்கும் இருக்கிறது, அந்த அம்மாவுக்கே இருக்கிறது.

இந்த நினைப்போடு தமிழ்நாடு இனி நெடுநாள் ஓட்ட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4%. 2021-க்கான மதிப்பீடு 13.6%. 2031-இல் இது 18.2% ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. கேரளத்தை அடுத்து நாட்டிலேயே வேகமாக நரைக்கும் பெரிய மாநிலம் நாம்தான். 2017-18-இல் நடந்த இந்திய முதுமை நெடுங்கால ஆய்வில், 45 வயதைக் கடந்த சுமார் 72,000 பேரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது போன்ற அன்றாட வேலைகளில் ஒன்றையாவது செய்யச் சிரமப்படுகிறார். அந்த ஆய்வுக்குப் போனவர்கள் கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை. முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே நடக்கவிட்டு நேரம் குறித்தார்கள். கைப்பிடி வலுவைக் கருவியில் அளந்தார்கள். நம் வீடுகளின் குறுகிய இடத்தில் இதெல்லாம் நடக்காது என்ற சாக்கு அத்தோடு அடிபட்டுப் போனது.

கேட்டு எழுதிய காலம்

நோயின் பெயரை விட்டுவிட்டு, இந்த மனிதரால் என்ன முடிகிறது என்று பார்க்கும் பழக்கம் மருத்துவத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1935-இல் லண்டன் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம், பக்கத்து ஏழையர் விடுதியில் வருடக்கணக்காகப் படுத்தே கிடந்த நூற்றுக்கணக்கான முதியவர்களை ஒப்படைத்தார்கள். அவர்களைத் தேறாதவர்கள் என்று எல்லோரும் கைகழுவியிருந்தார்கள். வாரன் ஒவ்வொருவராகப் பரிசோதித்து, யாரால் என்ன முடியும் என்று பிரித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பழக்கினார். கணிசமானவர்கள் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறைக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி போடப்பட்டது.

அடுத்து வந்தவை பட்டியல்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சிட்னி காட்ஸின் குழு, இடுப்பெலும்பு முறிந்து வந்த முதியவர்களைக் கவனித்து 1963-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, கட்டிலிலிருந்து எழுந்து இடம் மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்கிக்கொள்வது, உண்பது ஆகிய ஆறுதான் அதன் கணக்கு. நோயிலிருந்து தேறுகிறவர் முதலில் உண்ணும் திறனை மீட்கிறார், குளிக்கும் திறனைக் கடைசியில்தான் மீட்கிறார் என்றும், குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசையோடு இது ஒத்துப்போகிறது என்றும் காட்ஸ் கவனித்தார். 1965-இல் மேரிலாந்தில் மருத்துவர் ஃபுளோரன்ஸ் மஹோனியும் பிசியோதெரபிஸ்ட் டொரோதியா பார்த்தெலும் நூறு மதிப்பெண் கொண்ட இன்னொரு பட்டியலைத் தந்தார்கள். பக்கவாதம் வந்தவர் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறார் என்று பார்க்க நம் ஊர் பிசியோதெரபிஸ்டுகள் இன்றும் கையில் எடுப்பது அதைத்தான்.

1969-இல் வந்த லாட்டன் – பிராடி பட்டியல் வீட்டுக்கு வெளியேயும் எட்டிப் பார்த்தது. கடைக்குப் போவது, பணத்தைக் கையாள்வது, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொள்வது, தொலைபேசி, சமையல், துவைப்பது என்று அதில் எட்டு வேலைகள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண்களுக்கு எட்டையும் கணக்கில் எடுத்தார்கள். ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துவைப்பது மூன்றையும் கழித்துவிட்டு ஐந்தோடு நிறுத்தினார்கள். அமெரிக்கக் கிழவர்களும் அந்தக் காலத்தில் காபி போட்டதில்லை என்று தெரிகிறது. நம்மூரில் எழுபத்தைந்து வயதுப் பெரியவரிடம் ‘சமைக்க முடியுதா ஐயா?’ என்று கேட்டால், ‘முடியாது’ என்பார். அது தளர்ச்சியா, அறுபது வருடப் பழக்கமா? பட்டியலுக்குத் தெரியாது.

வாய்மொழிப் பதிலில் இருக்கும் சிக்கல் இது ஒன்று மட்டும் இல்லை. மருத்துவர் ‘எப்படிம்மா, உங்க வேலையெல்லாம் நீங்களே பாத்துக்கறீங்களா?’ என்று கேட்கிறார். ‘அதெல்லாம் நானே செஞ்சுக்குவேன் சார்’ என்று அந்த அம்மா நிமிர்ந்து சொல்கிறார். பின்னால் நிற்கும் மருமகள் மெல்லத் தலையை ஆட்டி, இல்லை என்கிறாள். இருவரில் யார் சொல்வது சரி? மாமியாருக்குத் தன்மானம், மருமகளுக்கு அலுப்பு. இரண்டிலும் உண்மை கொஞ்சம் இருக்கும். மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு. முடிவதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்’ என்று பாசத்தோடு எல்லாவற்றையும் கைக்குக் கொண்டுவந்து தரும் வீட்டில், செய்ய முடிந்தவரும் செய்வதில்லை. ஆறு மாதத்தில் முடியாமலும் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட செயல்திறன் வகைப்பாடு, ஒருவரால் முடிவதையும் அவர் உண்மையில் செய்வதையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்வது இதனால்தான்.

கடைக்குப் போற மாதிரி நடங்க

கேட்பதோடு நிற்காமல் செய்துகாட்டச் சொல்வோம் என்று புறப்பட்டவர்களில் முக்கியமானவர், அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜாக் குரால்னிக். 1994-இல் அவர் குழு வெளியிட்ட சோதனையில் மூன்று பகுதிகள். பாதங்களை மூன்று விதமாக வைத்துத் தலா பத்து வினாடி தள்ளாடாமல் நிற்பது. குறிப்பிட்ட தூரம் நடப்பது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண், மொத்தம் 12. அடுத்த வருடம் வந்த ஆய்வுதான் கண்ணைத் திறந்தது. தங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை என்று சொன்ன, 71 வயதும் அதற்கு மேலும் ஆன 1,122 பேரை நான்கு ஆண்டு கழித்து மீண்டும் பார்த்தார்கள். தொடக்கத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அன்றாட வேலைக்கு அடுத்தவரை நம்பும் நிலைக்கு வந்திருந்த வாய்ப்பு, நல்ல மதிப்பெண் வாங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோதே கால்கள் வேறு சேதி சொல்லியிருக்கின்றன.

சோதனையைச் செய்கிற முறையில் கவனம் வேண்டும்; இல்லாவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்பதால் அது அவசியம். கைகள் மார்பின் குறுக்கே. ‘ஆரம்பிங்க’ என்றதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்றதும் நிறுத்த வேண்டும். நம் பாட்டிமார் இதில் நைசாகக் கள்ளாட்டம் ஆடுவார்கள்: முழங்காலில் கையை ஊன்றுவார்கள், முழுக்க உட்காராமல் பாதியிலேயே எழுவார்கள், முன்னும் பின்னும் ஆடி ஒரு வேகம் பிடித்துக்கொள்வார்கள். பார்ப்பவர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தக் கள்ளாட்டமும் ஒரு தகவல். நடைச் சோதனைக்கு நான்கு மீட்டர் தூரத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொள்ளலாம். சேலை கொசுவம் காலைத் தடுக்கக் கூடாது. வீட்டில் தடி ஊன்றி நடப்பவர் இங்கேயும் தடியோடுதான் நடக்க வேண்டும். ‘வேகமா நடங்க பாட்டி’ என்று சொன்னால் சோதனை கெட்டுவிடும். பரீட்சை என்று நினைத்து ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். ‘கடைக்குப் போற மாதிரி சாதாரணமா நடங்க’ என்றால் போதும். நான்கு மீட்டரை நான்கு வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர். ஐந்து வினாடி ஆனால் 0.8. மொத்தச் சோதனைக்கும் பத்து நிமிடம் பிடிக்காது.

இந்த எண்களுக்கு என்ன கனம்? 2011-இல் ஸ்டெஃபனி ஸ்டுடென்ஸ்கி தலைமையில், ஒன்பது நெடுங்கால ஆய்வுகளைச் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்ட 34,485 பேரின் தரவுகளை ஒன்றாகப் பார்த்தார்கள். வயது, பாலினம் இரண்டோடு நடைவேகத்தையும் சேர்த்தால், எஞ்சிய ஆயுளைக் கணிப்பதில் நோய்கள், ரத்த அழுத்தம், மருத்துவமனை அனுமதி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதற்கு ஈடாகிறது என்பது முடிவு. வினாடிக்கு 0.8 மீட்டர் என்றால் அந்தந்த வயதுக்குரிய சராசரி ஆயுள். ஒரு மீட்டரும் அதற்கு மேலும் என்றால் சராசரியைத் தாண்டிய ஆயுள். உடனே நாளை முதல் கையை வீசி வேகமாக நடந்து ஆயுளைக் கூட்டிக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நடப்பதற்கு இதயம், நுரையீரல், நரம்பு, தசை, மூட்டு, கண், காது, மூளை எல்லாம் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் எது தளர்ந்தாலும் நடை முதலில் காட்டிக்கொடுக்கும். காரணத்தைத் தேடிப் போக வேண்டியது மருத்துவரின் வேலை.

கைப்பிடி வலுவும் அப்படித்தான். இந்தியா உட்பட 17 நாடுகளில் 1,39,691 பேரிடம் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், பிடிவலு ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் இறப்பு ஆபத்து 16% கூடுவதைக் கண்டார்கள். ஆசிய நாடுகளுக்கான தசையிழப்பு நிபுணர் குழு 2019-இல் ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என்று எல்லை வகுத்தது. ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடி என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர் பராமரிப்புக் கையேடு அதே சோதனைக்கு 14 வினாடி தருகிறது. எது சரி என்று பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை. போன வருடம் 11 வினாடியில் முடித்தவர் இந்த வருடம் 16 வினாடி எடுத்துக்கொண்டால், எந்தக் கையேட்டைப் பார்த்தாலும் அவரைக் கவனித்தாக வேண்டும். நடைவேகத்தில் வினாடிக்கு 0.1 மீட்டர் குறைந்தாலே அது பெரிய மாற்றம். அடுத்தவரோடு ஒப்பிடுவதைவிட, அவரவர் பழைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் இந்தச் சோதனையின் உயிர். அதற்கு முதல் எண்ணை யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும்.

தரையும் பஸ் படியும்

இவ்வளவு சொன்னபிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த அளவுகோல்களெல்லாம் நாற்காலியில் வாழ்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நம் முதியவர்களில் பெரும்பகுதியினர் தரையில் வாழ்ந்தவர்கள். பாயில் படுத்து, சம்மணமிட்டுச் சாப்பிட்டு, குத்தவைத்துக் கழிப்பறையைப் பயன்படுத்தி, விழுந்து கும்பிட்டு எழுந்த உடம்பு அது. கிராமத்து அம்மா ஒருவர் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எளிதாக எழுந்துவிடலாம். ஆனால், வீட்டில் இருப்பது இந்தியன் டாய்லெட் என்றால், அங்கே பிடித்து எழ ஒரு கம்பி இல்லை என்றால், அந்த 12 வினாடி அவருக்கு எதைச் சொல்லும்?

தரையில் உட்கார்ந்து எழுவதை மதிப்பெண் போட்டு அளக்கும் சோதனையை உருவாக்கியது பிரேசில்காரர்கள் என்பது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். ரியோ டி ஜெனிரோவில் கிளாடியோ ஜில் அராவ்ஜோவின் குழு, 51 முதல் 80 வயதுவரை உள்ள 2,002 பேரைத் தரையில் உட்காரவைத்து எழச் சொன்னது. உட்கார 5, எழ 5, ஆக 10 மதிப்பெண். கை ஊன்றினால் ஒன்று குறையும், முழங்கால் ஊன்றினால் ஒன்று, தள்ளாடினால் அரை. மூன்றும் அதற்குக் கீழும் வாங்கியவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறந்த விகிதம், எட்டும் அதற்கு மேலும் வாங்கியவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். 2012-இல் வந்த ஆய்வு இது. சம்மணமிட்டு உட்காருவதை அன்றாடப் பழக்கமாக வைத்திருந்த நாட்டிலிருந்து வந்திருக்க வேண்டிய சோதனை. முழங்கால் தேய்மானம் பரவலாக உள்ள நம் பெண்களிடம் இதை அப்படியே நடத்த முடியாது, விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆனாலும், தரையிலிருந்து எழ முடிகிறதா, எதைப் பிடித்து எழுகிறார் என்ற ஒரு கேள்வியாவது நம் படிவத்தில் இருந்தாக வேண்டும். தவறி விழுந்தவர் தானாக எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையிலேயே கிடப்பது தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளில் நடக்கிற விஷயம்.

பஸ் படியையும் சேர்த்துக்கொள்ளலாம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. முதல் படியில் கால் வைக்க முடியாத மூதாட்டிக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? சென்னையில் 2024-இல் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் வந்தது நல்ல செய்தி. மாவட்டத்து டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர் இன்னும் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறார். சாலையைக் கடப்பதும் இதே கதை. பாதசாரி சிக்னலுக்கு நேரம் வகுக்கும்போது வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று கணக்கு வைப்பது பல நாடுகளில் வழக்கம். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களை நடக்கவிட்டுப் பார்த்தபோது ஆண்களின் சராசரி 0.9, பெண்களின் சராசரி 0.8 என்று வந்தது. அண்ணா சாலையில் பாதி தூரம் போவதற்குள் சிவப்பு விழுந்து, நடுவில் நின்று விழிக்கும் பெரியவரின் மேல் குற்றம் இல்லை. கணக்குப் போட்டவர் இளைஞராக இருந்திருக்கிறார்.

படுத்தால் பணம் உண்டு

முதியவர்களின் செயல்திறன் மளமளவென்று சரியும் இடம் ஒன்று உண்டு. அது மருத்துவமனைக் கட்டில். ஆரோக்கியமான, சராசரியாக 67 வயதான தன்னார்வலர்களைப் பத்து நாள் கட்டிலிலேயே படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் அமெரிக்காவில் நடந்தது. கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிற்று. நோய் இல்லாதவர்களுக்கே இந்தக் கதி என்றால், நிமோனியாவோடும் டிரிப்ஸோடும் படுத்திருப்பவருக்கு? 70 வயதைக் கடந்து மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், நோய்க்கு முன்பு செய்த அன்றாட வேலைகளில் ஒன்றையாவது செய்ய முடியாதவர்களாக வீடு திரும்புகிறார்கள் என்பது அமெரிக்க அனுபவம். நம் டிஸ்சார்ஜ் சம்மரியில் கிரியாட்டினின் இருக்கும், எக்ஸ்ரே இருக்கும், காலை ஒன்று இரவு ஒன்று என்று மாத்திரைப் பட்டியல் இருக்கும். நடந்து வந்தவர் நடந்து போகிறாரா என்ற ஒரு வரி இருக்காது. காய்ச்சல் குணமாகிவிட்டது, ஆள் படுத்துவிட்டார். இரண்டாவது விஷயம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

காப்பீடும் இந்தப் போக்குக்குத்தான் துணைபோகிறது. 2024 அக்டோபரில், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி வருடம் 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம் விரிவாக்கப்பட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், அது அடிப்படையில் மருத்துவமனையில் சேர்வதற்கான பணம். படுத்தால் பணம் உண்டு. படுக்காமல் காப்பாற்ற வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு வழி இல்லை.

தளர்ச்சியை அளந்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்குப் பதில் 1990-லேயே வந்துவிட்டது. பாஸ்டன் நகரின் முதியோர் காப்பகம் ஒன்றில், மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேரைக் காலால் எடை தூக்கும் பயிற்சியில் இறக்கினார். எட்டு வாரம். கால் வலு சராசரியாக 174% கூடியது. இருவர் கைத்தடியை விட்டார்கள். கையூன்றாமல் எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்தார். பின்னர் 2014-இல் வந்த பெரிய ஆய்வில், உட்கார்ந்தே பொழுதைக் கழித்த, 70 முதல் 89 வயதுவரை உள்ள 1,635 பேரில் ஒரு பகுதியினருக்கு நடையும் தசைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் தந்து, சராசரியாக 2.6 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களை அளந்ததும் எளிய கோலால்தான்: 400 மீட்டர் நடக்க முடிகிறதா? அந்தத் திறனை இழந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 30.1%, ஆரோக்கிய உரைகளைக் கேட்ட பிரிவில் 35.5%. மாயாஜாலம் இல்லை, ஆனால் மாத்திரை எதுவும் இதைச் செய்யாது. பயிற்சியோடு தட்டில் பருப்பும் முட்டையும் கூட வேண்டும். இட்லி, ரசம் சோறு என்று முதியவர்களுக்கு நாம் ‘பத்தியமாக’ ஊட்டும் உணவில் தசை வளராது.

யார் செய்வது?

தமிழ்நாட்டுக்கு இதில் முன்வரிசையில் நிற்கும் தகுதி இருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலாக முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு 1978-இல் தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான். அதன் முன்னோடி மருத்துவர் வ.செ.நடராசன். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சுகரும் பிரஷரும் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுபோகிறது. பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார். வேறெந்த மாநிலமும் பொறாமைப்பட வேண்டிய கட்டமைப்பு இது.

ஆனால், பிசியோதெரபிஸ்ட் வருவது பெரும்பாலும் பக்கவாதம் வந்தபிறகு, எலும்பு முறிந்தபிறகு. மாத்திரை கொடுக்க வரும் பெண் தன்னார்வலர், வருடத்துக்கு ஒருமுறை அந்த வீட்டு முதியவரை ஐந்து முறை எழவைத்து, நான்கு மீட்டர் நடக்கவைத்து, இரண்டு எண்களை எழுதினால், விழுவதற்கு முன்பே யார் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். மூன்றாவதாகத் தரையிலிருந்து எழும் கேள்வி. அவ்வளவுதான் கேட்கிறோம். ஏற்கெனவே குறைந்த ஊதியத்தில், ஏகப்பட்ட பதிவேடுகளோடு மல்லாடும் அந்தப் பெண்களின் தலையில் இன்னொரு செயலியை ஏற்றுவதாக இது ஆகிவிடக் கூடாது. இந்த வேலைக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும். யாருக்கும் பயன்படாத பதிவேடு ஒன்றைக் குறைத்துவிட்டு இதைச் சேர்க்க வேண்டும். எண் குறைந்தவரை அனுப்ப ஓர் இடம் இல்லையென்றால் அளக்கவே வேண்டாம். வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற நிலையை மாற்றாமல் முதியவர்களை நடக்கவிட்டு நேரம் பார்ப்பது, அவர்கள் முகத்தில் மதிப்பெண்ணை எறிவதாகத்தான் முடியும்.

அந்த எண் யார் கைக்குப் போகிறது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தை ஏற்றவும், வீட்டுக்காரர் தனியாக வாழும் முதியவருக்கு வாடகைக்கு விட மறுக்கவும், ‘அப்பாவுக்கு முடியலை’ என்று காட்டி பிள்ளைகள் பத்திரத்தில் கைநாட்டு வாங்கவும் அது சான்றாகிவிடலாம். மெதுவாக நடக்கிறவருக்கு யோசிக்கவும் முடியாது என்று முடிவுகட்டும் சமூகம் இது. எனவே இந்த எண் மருத்துவக் குறிப்பிலும் அந்த முதியவர் கையிலும் மட்டும் இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக எழுதிவிடுவது நல்லது.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். ஒவ்வோர் ஆண்டும் ஆட்சியர் அலுவலகங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மூத்த குடிமக்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்புகிறோம். மேடைப் படியில் அவர்களைக் கைத்தாங்கலாகத்தான் ஏற்றுகிறோம். சுகாதாரத் துறை இந்த ஆண்டு பொன்னாடைச் செலவை நிறுத்திவிட்டு, மாவட்டத்துக்கு ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, தொற்றா நோய் நோட்டில் மூன்று புதிய கட்டங்களை அச்சடித்துக் கொடுக்கட்டும். அந்த வட்டாரங்களுக்கு பிசியோதெரபிஸ்ட் பணியிடங்களையும் அதே அரசாணையில் சேர்த்தே வெளியிடட்டும்.